‘வெளிநாட்டுல சண்டை போட்டேன்’னு சொன்னா போதாது... பேப்பர்ல இருக்கணும்! அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் ‘டிடி-214’ சிக்கல்: திருத்துவது எப்படி?

வியட்நாமில் ஒரு வருஷம் இருந்தவர். அங்கே தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ ரசாயனத்தால் வரக்கூடியது என்று அமெரிக்க அரசே ஒப்புக்கொண்ட நோய்களில் ஒன்று அவருக்கு இருக்கிறது. இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தால் அலுவலகத்தில் முதலில் வரும் கேள்வி நோயைப் பற்றியது இல்லை. ‘வியட்நாம்ல இருந்ததுக்கு என்ன ஆதாரம்?’ என்பதுதான்.

கையில் இருக்கும் பணிவிடுப்புச் சான்றிதழில் அந்த நாட்டின் பெயரே இல்லை என்றால்? வாங்கிய பதக்கத்தை கிளார்க் டைப் பண்ணாமல் விட்டிருந்தால்? அமெரிக்காவில் இந்தச் சிக்கல் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதைத் திருத்த வழி உண்டு, கட்டணமும் கிடையாது. ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமல் வருஷக்கணக்கில் அலைபவர்கள் ஏராளம்.

அது என்ன டிடி-214?

அமெரிக்க ராணுவம், கடற்படை, விமானப்படை, மரைன் என எதில் பணியாற்றினாலும் வெளியே வரும் நாளில் கையில் தரப்படும் சான்றிதழ்தான் டிடி-214. 1950-ம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. எப்போது சேர்ந்தார், எப்போது வெளியேறினார், என்ன வேலை பார்த்தார், எந்த மாதிரியான விடுப்பு, என்னென்ன பதக்கம் என எல்லாமே அதில்தான். மருத்துவமனை, ஓய்வூதியம், வீட்டுக்கடன், கல்விச் சலுகை, அரசு வேலை, கடைசியில் ராணுவ மயானத்தில் இடம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். நம்ம ஊரில் ரேஷன் கார்டில் ஒரு எழுத்து தப்பினால் படும் பாடு தெரியும்ல? கிட்டத்தட்ட அதே கதைதான். அங்கே தப்புவது ஒரு எழுத்து இல்லை, ஒரு முழு வருஷம்.

இப்போதைய படிவத்தில் 12-வது கட்டத்தில் வெளிநாட்டுப் பணி எத்தனை நாள், கடல் பணி எத்தனை நாள் என்று தனித்தனியாக இருக்கும். 13-வது கட்டத்தில் பதக்கங்கள். 18-வது கட்டம் ‘குறிப்புகள்’. எந்த நாட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார் என்ற விவரம் பெரும்பாலும் அங்கேதான் வரும். படிவம் கைக்கு வந்ததும் இந்த மூன்று கட்டங்களையும் வாசித்துப் பார்த்திருந்தால் பாதி பிரச்னை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் யார் உட்கார்ந்து வாசிப்பார்கள்? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறியவர்கள்தான் அதிகம்.

பழைய படிவத்தில் இன்னொரு சிக்கல். வியட்நாம் காலத்து ராணுவப் படிவங்களில் வெளிநாட்டுப் பணி என்ற இடத்தில் நாட்டின் பெயருக்குப் பதில் ‘யூஎஸ்ஆர்பேக்’ என்று மட்டும் இருக்கும். பசிபிக் பகுதிக்கான அமெரிக்கத் தரைப்படை என்பதன் சுருக்கம் அது. வியட்நாமில் இருந்தாலும் அதேதான், கொரியாவில் இருந்தாலும் அதேதான், ஹவாயில் உட்கார்ந்திருந்தாலும் அதேதான்! வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப்போர் முடிந்து வந்த ராணுவ வீரர்களுக்குத் தந்த அதற்கு முந்தைய படிவத்தில், எந்தத் தேதியில் கப்பல் ஏறினார், எங்கே போனார், எப்போது போய்ச் சேர்ந்தார் என்பதற்கே தனிக் கட்டம் இருந்தது.

ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும்?

இழப்பீட்டு விதிகள் ‘எங்கே இருந்தார்’ என்பதை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையிலான காலத்தில் வியட்நாம் மண்ணில் இருந்தவர் என்றால், அவர் ஏஜென்ட் ஆரஞ்சுக்கு ஆளானார் என்று அரசே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு டைப் 2 சர்க்கரை நோய், பார்க்கின்சன், புராஸ்டேட் புற்றுநோய் போன்றவை வந்தால் ‘இந்த ரசாயனத்தால்தான் வந்தது’ என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே இருந்ததை மட்டும் நிரூபித்தால் போதும்.

இந்த வரைபடம் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. வியட்நாம் கரையைத் தொடாமல் கடலில் கப்பலிலேயே இருந்த கடற்படையினர் நீண்ட காலம் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். 2019-ல் நிறைவேறிய தனிச் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் அவர்களையும் சேர்த்தது. தாய்லாந்து விமானத்தளங்களில் இருந்தவர்கள், தளத்தின் சுற்றுவேலி ஓரமாக வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட ‘பாக்ட்’ சட்டம் அதை மாற்றியது. 1962 ஜனவரி 9 முதல் 1976 ஜூன் 30 வரை தாய்லாந்தில் எந்தத் தளத்தில் இருந்திருந்தாலும் போதும் என்றாகிவிட்டது. ரத்த அழுத்தமும் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. இராக், ஆப்கானிஸ்தானில் குப்பைகளை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் இதே சட்டம்தான்.

அதனால், 50 வருஷமாகத் திறந்தே பார்க்காத ஒரு தாளில் ‘தாய்லாந்து’ என்ற சொல் இருக்கிறதா என்பது திடீரென்று மாதா மாதம் வரும் பணமாக மாறிவிட்டது.

பதக்கம் மட்டும் என்ன, சட்டையில் குத்தும் அலங்காரமா? இல்லை. அதுவே ஆதாரம். போரில் காயம்பட்டவருக்குத் தரும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ படிவத்தில் இருந்தால், அவர் சண்டையில் இருந்தார் என்பதற்கு வேறு சான்று கேட்க மாட்டார்கள். நேரடிச் சண்டையில் இருந்தவர் ‘இந்தக் காயம் அங்கே பட்டது’ என்று சொன்னால், மருத்துவக் குறிப்பு இல்லாவிட்டாலும் சூழ்நிலைக்குப் பொருந்தும்பட்சத்தில் அதை ஏற்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பர்ப்பிள் ஹார்ட் பெற்றவருக்கு அரசு மருத்துவ வரிசையில் முன்னுரிமை, மத்திய அரசு வேலைத் தேர்வில் கூடுதலாக 10 மதிப்பெண், ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யத் தகுதி எல்லாம் உண்டு. போர்க்களப் பதக்கம் ஒன்று இருந்தால் வேலைத் தேர்வில் 5 மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. படிவத்தில் அந்த வரி இல்லை என்றால் இதில் எதுவும் தானாக நடக்காது.

எப்படி விடுபடுகிறது?

எல்லாமே கிளார்க் தவறு என்று சொல்லிவிட முடியாது. தவறும் உண்டுதான். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும் பணிவிடுப்பு மையத்தில், கோப்பில் இருப்பதைப் பார்த்து ஒருவர் டைப் பண்ணுகிறார். படைப்பிரிவிலிருந்து உத்தரவு அந்தக் கோப்புக்கு வந்து சேரவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும்?

அதிகம் விடுபடுவது தற்காலிகப் பணி. ஒருவரின் நிரந்தர முகாம் ஒகினாவா அல்லது தாய்லாந்து என்று இருக்கும். அங்கிருந்து இரண்டு வாரம், ஒரு மாதம் என்று வியட்நாமுக்குப் போய் வந்திருப்பார். நிரந்தர இடமாற்றம் இல்லை என்பதால் படிவத்தில் ஏறாது. விமானப்படைக்காரர்களுக்கு இது சகஜம். ரகசியப் பணியில் போனவர்கள் பாடு இன்னும் கஷ்டம். போனதையே வெளியே சொல்லக்கூடாது என்று இருந்த காலத்தில் படிவத்தில் யார் எழுதுவார்கள்?

அடுத்தது, தாமதமாக வந்த பதக்கம். ஒருவர் ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து பதக்க உத்தரவு கையெழுத்தாகும். ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் தரப்படும் பாராட்டு விருதுகள் சில வருஷம் கழித்துக்கூட அறிவிக்கப்பட்டிருக்கின்றன. படிவம் அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும்.

இன்னொரு வகை கேட்டால் சிரிப்பு வரும். அவர் வெளியேறும்போது அந்தப் பதக்கமே கிடையாது! கொரியப் போர் நின்ற பிறகு, 1954 ஜூலை 28 முதல் தென்கொரியாவில் காவல் இருந்தவர்களுக்கான ‘கொரியா டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல்’ உருவாக 2002-ல்தான் சட்டம் வந்தது. அதற்கு முன் அங்கே பணியாற்றித் திரும்பிய யாருடைய படிவத்திலும் அது இருக்க முடியாது, ஆனால் எல்லோருக்கும் தகுதி உண்டு. கொரியப் போரில் சண்டையிட்டவர்களுக்குத் தென்கொரிய அரசு தர முன்வந்த போர்ப் பதக்கத்தை ஏற்றுக்கொள்ள அமெரிக்கா 1999 வரை அனுமதி தரவில்லை. அதற்குள் எத்தனை பேர் காலமாகிவிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1973 தீ: எரிந்தது எது, எரியாதது எது?

இந்த விஷயத்தைப் பேசினாலே ‘என் ஃபைல் தீயில போச்சு’ என்ற பேச்சும் கூடவே வரும். மிசௌரி மாகாணம் செயின்ட் லூயிஸ் அருகே இருக்கிறது தேசிய பணியாளர் ஆவண மையம். 1973 ஜூலை 12 நள்ளிரவு தாண்டி அதன் 6-வது மாடியில் தீப்பிடித்தது. அணைக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் போய்விட்டன. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, என்னென்ன இருந்தது என்ற முழுப் பட்டியல்கூட இல்லை. தீ பாதி அழித்தது என்றால் அணைக்க ஊற்றிய தண்ணீர் மீதியை நனைத்தது. நனைந்த காகிதங்களை விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் பிரமாண்ட வெற்றிடக் கூடத்தில் வைத்து உலர்த்தினார்கள். அப்படி மீட்டவை சுமார் 65 லட்சம். ஓரம் கருகிய அந்தத் தாள்களை இன்றைக்கும் ஒவ்வொன்றாகக் கையாண்டு தகவல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஆனால் எல்லோருடைய கோப்பும் எரியவில்லை. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை வெளியேறிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போனது. 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை வெளியேறிய விமானப்படையினரில், ஆங்கில அகரவரிசையில் ‘ஹப்பர்ட்’ என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம். அவ்வளவுதான். கடற்படை, மரைன் கோப்புகளுக்கு அந்தத் தீயில் சேதம் இல்லை. வியட்நாமில் இருந்து 1969-ல் திரும்பிய தரைப்படை வீரரின் கோப்பு தீயில் போயிருக்க வாய்ப்பே குறைவு. ‘எரிஞ்சு போச்சு’ என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் முதலில் தங்கள் தேதியைச் சரிபார்ப்பது நல்லது.

எரிந்த வரம்புக்குள் வருபவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. படைப்பிரிவுகளின் தினசரி வருகைக் குறிப்பு, ஆள் பட்டியல், கடைசிச் சம்பள ரசீது, ராணுவ மருத்துவமனை அனுமதிப் பதிவு என்று வேறு இடங்களில் இருந்த காகிதங்களை வைத்து அந்த மையமே பணி விவரத்தை மீண்டும் தொகுத்துத் தருகிறது. அதற்கு வீரர் எந்தப் பிரிவில், எந்த மாதத்தில் இருந்தார் என்று முடிந்தவரை துல்லியமாகச் சொல்ல வேண்டும். ‘ஜெர்மனியில் இருந்தேன்’ என்பது போதாது. கம்பெனியின் பெயர் வரை வேண்டும்.

காகிதம் இல்லாததால் 80 ஆண்டுகள்

தீயின் விலை என்ன என்பதற்கு வேவர்லி உட்சன் கதையே சாட்சி. 1944 ஜூன் 6, நார்மண்டி தரையிறக்கம். 320-வது தடுப்பு பலூன் பட்டாலியன் என்ற கறுப்பினப் பிரிவில் மருத்துவ உதவியாளராக இருந்த 21 வயது உட்சன், கரைக்கு வரும் முன்பே குண்டுச் சிதறலில் காயம்பட்டார். அந்தக் காயத்தோடு ஒமாஹா கடற்கரையில் சுமார் 30 மணி நேரம் விடாமல் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். பர்ப்பிள் ஹார்ட்டும் வெண்கல நட்சத்திரமும் கிடைத்தன. அதைவிடப் பெரிய விருதுக்கு அவர் பரிசீலிக்கப்பட்டதற்கான குறிப்பு, பிற்பாடு அதிபர் ட்ரூமன் நூலகத்தில் இருந்த ஒரு பழைய கடிதத்தில் கிடைத்தது.

இரண்டாம் உலகப்போரில் ஒரு கறுப்பின வீரருக்குக்கூட நாட்டின் உச்ச விருதான ‘மெடல் ஆஃப் ஆனர்’ அப்போது தரப்படவில்லை. 1990-களில் அதை மறு ஆய்வு செய்து 1997-ல் ஏழு பேருக்கு வழங்கினார்கள். உட்சன் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய பணிக்கோப்பு 1973 தீயில் போயிருந்தது. 2005-ல் அவர் இறந்தார். அவரது மனைவி விடாமல் போராடினார், நாடாளுமன்ற உறுப்பினர்களும் துணை நின்றார்கள். 2024 ஜூனில் ராணுவம் அவருக்கு ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்’ என்ற இரண்டாவது உயரிய விருதை அறிவித்தது. சம்பவம் நடந்து 80 ஆண்டு, அவர் இறந்து 19 ஆண்டு.

தீ பிடிக்காமலே காகிதம் காணாமல் போன கதையும் உண்டு. 1965-ல் வியட்நாமில் தன் வீரர்களைக் குண்டுமழைக்கு நடுவே மீட்ட கேப்டன் பாரிஸ் டேவிஸ், கறுப்பினத்தவர். மெடல் ஆஃப் ஆனருக்கான அவருடைய பரிந்துரை தொலைந்தது. மறுபடி அனுப்பினார்கள், அதுவும் தொலைந்தது. கூடப் பணியாற்றியவர்கள் மேஜை மேஜையாக ஏறி இறங்கினார்கள். 2023 மார்ச்சில், 83 வயதில் வெள்ளை மாளிகையில் அந்தப் பதக்கம் அவர் கழுத்தில் ஏறியது.

சரி, திருத்துவது எப்படி?

முதல் வேலை, திருத்தம் கேட்பது இல்லை. தன் முழுக் கோப்பையும் வரவழைப்பது. ‘எஸ்எஃப்-180’ என்ற படிவத்தை நிரப்பியோ ஆன்லைனிலோ செயின்ட் லூயிஸ் மையத்துக்கு விண்ணப்பிக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிடி-214 நகல் மட்டும் கேட்கிறார்கள். தப்பாக இருக்கும் தாளின் இன்னொரு நகல் வந்து என்ன பயன்? ‘முழுப் பணியாளர் கோப்பும் வேண்டும்’ என்று தெளிவாக எழுத வேண்டும். இடமாற்ற உத்தரவு, பதக்க உத்தரவு, பணி மதிப்பீடு எல்லாம் அதற்குள் இருக்கும்.

கோப்பு வந்ததும் இரண்டில் ஒன்று நடக்கும்.

ஆதாரம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது, படிவத்தில் மட்டும் ஏறவில்லை என்றால் வேலை சுலபம். இது வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம். அந்த உத்தரவின் நகலைச் சேர்த்து, கடிதம் எழுதி அனுப்பினால் சம்பந்தப்பட்ட படை ‘டிடி-215’ என்ற திருத்தத் தாளை வெளியிடும். வழக்கமாகப் பழைய படிவத்தை மாற்றித் தர மாட்டார்கள். 215 அதன் வால் மாதிரி. இனிமேல் எங்கே போனாலும் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டிவிட்டு ‘ஏத்துக்க மாட்டேங்கிறாங்க’ என்று புலம்பிப் பயனில்லை.

கோப்பில் ஆதாரம் இல்லை, அல்லது படை மறுத்துவிட்டது என்றால் ‘டிடி-149’ படிவத்தோடு ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைனுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவல்படைக்கு ஒன்று. 1946-ல் வந்த சட்டத்தின் கீழ் உருவான இந்த வாரியங்களில் முடிவெடுப்பவர்கள் சீருடையில் இருப்பவர்கள் அல்ல, சிவிலியன்கள். அதற்கு முன்புவரை ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாடாளுமன்றத்தில் தனி மசோதா போட வேண்டியிருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

தவறு தெரியவந்ததில் இருந்து மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ‘ஐயோ, 50 வருஷம் ஆச்சே’ என்று பயப்பட வேண்டாம். நியாயத்தின் பொருட்டு வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம், தளர்த்துவதும் வழக்கம்தான். ஏன் தாமதம் என்பதைப் படிவத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினால் போதும். ஆனால் முதல் வழியை முயற்சிக்காமல் நேரடியாக வாரியத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கால அவகாசத்தைப் பொறுத்தவரை 10 மாதத்துக்குள் 90 சதவீத வழக்குகளையும், அதிகபட்சம் 18 மாதத்துக்குள் அனைத்தையும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பொறுமை வேண்டும்.

எது ஆதாரம்?

வாரியம் ஒரு அனுமானத்தோடுதான் உட்காரும்: ‘ராணுவம் எழுதியது சரியாகத்தான் இருக்கும்.’ அது தவறு என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. அதனால் உருக்கமான கடிதத்தைவிட, அன்றைய தேதியிட்ட ஒரு துண்டுச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

பயண உத்தரவு, பயணப்படி ரசீது, ஆபத்துப் பகுதிக்கான கூடுதல் படி காட்டும் சம்பளச் சீட்டு இவை முதல் தரம். யாரும் யோசிக்காத இடம் மருத்துவக் கோப்பு. பல்வலிக்குப் போன நாளில் அந்தப் பல் மருத்துவர் வைத்த முத்திரையில் முகாமின் பெயரும் தேதியும் இருக்கும். போரை யாரும் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம், பல் பிடுங்கியதைப் பதிவு செய்திருப்பார்கள்! வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் உறையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அதில் இருக்கும் ராணுவ அஞ்சல் எண்ணும் முத்திரைத் தேதியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கப்பலில் இருந்தவர்களுக்கு ‘டெக் லாக்’ என்ற தினப்பதிவு இருக்கிறது. எந்த நேரத்தில் கப்பல் எங்கே நின்றது என்பது அதில் உண்டு. கடற்படையினருக்கான சட்டம் வந்தபோது வியட்நாம் காலத்து டெக் லாக்குகளை லட்சக்கணக்கான பக்கங்கள் ஸ்கேன் செய்தார்கள்.

கூட இருந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் சாட்சிக் கடிதமும் செல்லும். ஆனால் ‘இவர் நல்லவர், வல்லவர்’ என்று எழுதுவது வீண். எந்த மாதம், எந்த ஊர், என்ன நடந்தது, எழுதுபவர் எங்கே நின்று பார்த்தார் என்று இருக்க வேண்டும். அவர் அதே பிரிவில் இருந்ததற்கு அவருடைய டிடி-214 நகலையும் இணைத்தால் கடிதத்துக்குக் கனம் கூடும். இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. வியட்நாமில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது.

பிரிவு முழுவதற்கும் கிடைத்த விருதுக்குத் தனி ஆதாரம் தேடத் தேவையில்லை. எந்தப் பிரிவுக்கு எந்தத் தேதிகளுக்கு எந்த விருது என்ற பட்டியல் ராணுவத்திடமே இருக்கிறது. அந்தத் தேதியில் அந்தப் பிரிவில் இருந்ததைக் காட்டினால் சேர்த்துவிடுவார்கள். அதேபோல, இரண்டாம் உலகப்போரில் காலாட்படைச் சண்டைச் சின்னம் பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரத்துக்கும் தகுதி உண்டு. இதைத் தெரியாமலே போனவர்கள் பலர்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே தரப்பட்ட பதக்கத்தைப் படிவத்தில் ஏற்றுவது வேறு, அப்போது தரப்படாத பதக்கத்தை இப்போது கேட்பது வேறு. இரண்டாவதற்கு நேரில் பார்த்தவர்களின் சாட்சியம், மேலதிகாரியின் பரிந்துரை எல்லாம் வேண்டும், கெடு தாண்டியிருந்தால் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத்தான் போக முடியும். உட்சன் குடும்பம் போனது அந்தப் பாதையில்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

பொய் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். வாங்காத மெடல் ஆஃப் ஆனரை வாங்கியதாகக் கூட்டத்தில் சொன்ன ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெறுமனே பொய் சொல்வதைத் தண்டிக்க முடியாது என்று 2012-ல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே, பணமோ சலுகையோ பெறுவதற்காகப் பதக்கம் பெற்றதாகப் பொய் சொன்னால் குற்றம் என்று புதுச் சட்டம் போட்டார்கள். ‘உண்மையிலேயே அங்கே இருந்தேன், நானே ஒரு வரி சேர்த்துக்கிறேன்’ என்று படிவத்தில் கை வைத்தால் அதுவும் குற்றம்தான். உண்மையானவர்களும் அதே சல்லடையில் சலிக்கப்படுவதுதான் இதில் வருத்தமான விஷயம்.

தமிழர்களுக்கு இதில் என்ன?

அமெரிக்க ராணுவத்தில் இந்திய வம்சாவளியினர் இருக்கிறார்கள். விசாவில் இருக்கும் வெளிநாட்டினரை அவர்களின் மொழித்திறனுக்காகப் படையில் சேர்க்க 2009-ல் தொடங்கி 2016 வரை ஆளெடுத்த ‘மாவ்னி’ திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களுக்குக் குடியுரிமையே பணிப்பதிவை நம்பித்தான். புதிதாக வெளியேறுபவர்கள் கையெழுத்துக்கு முன் 12, 13, 18 கட்டங்களை வாசிப்பதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் செலவிடலாம்.

வீரர் இறந்துவிட்டால்?

மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கோப்பைக் கேட்கலாம். இறப்புச் சான்று இணைக்க வேண்டும். வாரிசுகள் திருத்த வாரியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பணியிலிருந்து வெளியேறி 62 ஆண்டுகள் தாண்டிவிட்டால் அந்தக் கோப்பு பொது ஆவணமாகிவிடும், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், ஆனால் நகலுக்குக் கட்டணம் உண்டு.

கட்டணம் என்றதும் ஒரு எச்சரிக்கை. ‘டிடி-214 உடனே எடுத்துத் தருகிறோம்’ என்று காசு கேட்கும் தளங்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. வீரருக்கும் நெருங்கிய உறவினருக்கும் அடிப்படைக் கோப்பு, டிடி-215, வாரிய விண்ணப்பம் மூன்றுமே இலவசம். ‘அமெரிக்கன் லீஜியன்’, ‘வெட்டரன்ஸ் ஆஃப் ஃபாரின் வார்ஸ்’ போன்ற அமைப்புகளின் பிரதிநிதிகள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் காசு வாங்குவதில்லை. பதில் வராமல் இழுத்தடித்தால் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கலாம். அங்கே இதற்கென்றே ஆள் இருப்பார்.

இழப்பீட்டு விண்ணப்பத்தைப் படிவம் திருத்தப்படும் வரை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். இழப்பீடு தரும் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை தனி, ராணுவம் தனி. பயண உத்தரவோ டெக் லாக்கோ கையில் இருந்தால் டிடி-214-ல் இல்லாவிட்டாலும் நலத்துறை அதைப் பரிசீலிக்கும். பணம் பெரும்பாலும் விண்ணப்பித்த தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும் என்பதால், இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே வாரத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.